மின்னூல்களில் பொருளடக்கத்தின் இயக்கமும் தமிழ் மூலநூற் பதிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

அச்சு நூலில் பொருளடக்கம் என்பது ஒரு பக்கம். மின்னூலில் அது படிப்புக் கருவி வாசிக்கும் தனிக் கோப்பு. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதப்படுவதால், கண்ணுக்குப் பொருளடக்கம் உடையனவாகத் தோன்றும் தமிழ் மின்னூல்கள் பல, பயன்பாட்டில் பொருளடக்கம் அற்றனவாக அமைகின்றன. இபப் வடிவில் பொருளடக்கம் இயங்கும் முறையையும், அதன் விதிகள் ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, அகநானூறு, திருக்குறள் ஆகிய நூல்களின் அமைப்போடு பொருந்தும் இடங்களையும் முரணும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது. பிடிஎஃப் கோப்புகளின் நூற்குறிகளும் மேற்கோளுக்குரிய பக்கப் பட்டியலும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்னூல், இபப், பொருளடக்கம், சங்க இலக்கியம், பதிப்பியல், அணுகல்தன்மை

முன்னுரை

பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது, மூலத்தோடு சேர்ந்து தேடுதற்கருவிகளும் வளர்ந்தன. பொருளடக்கம், செய்யுள் முதற்குறிப்பகராதி, அரும்பத அகராதி, பாடினோர் பெயர் வரிசை என்பன அவை. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள் இன்றும் ஆய்வாளர் கையில் இருப்பதற்கு, அவற்றின் பாடத் தெளிவோடு முன்னும் பின்னும் அமைந்த குறிப்புகளும் அகராதிகளும் காரணமாகும்.

அதே நூல்கள் இப்போது அச்சிலிருந்து மின்னூலுக்கு வருகின்றன. இப்பெயர்ச்சியில் மூலபாடம் பெரும்பாலும் பிழையின்றி வந்துவிடுகிறது. தேடுதற்கருவிகள் வருவதில்லை. அச்சுப் பதிப்பின் பொருளடக்கப் பக்கம் அப்படியே தட்டச்சு செய்யப்பட்டு நூலின் தொடக்கத்தில் வைக்கப்படுகிறது. பக்க எண்கள்கூட நீக்கப்படாமல் நிற்பதுண்டு. ஆனால் படிப்புக் கருவியின் பட்டியலைத் திறந்தால் ‘அட்டை’, ‘தொடக்கம்’ என்ற இரண்டு பதிவுகளே காணப்படும். நானூறு பாட்டுகள் கொண்ட நூலில் 312ஆம் பாட்டைக் காண விரும்புபவர் விரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டியதாகிறது.

சொல் தேடும் வசதி இருக்கப் பொருளடக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். பிற மொழிகளுக்கு அவ்வினா ஓரளவு பொருந்தும், தமிழுக்குப் பொருந்தாது. புணர்ச்சியில் சொல்லின் ஈறு திரிவதே காரணம். ‘கடல்’ எனத் தேடினால் ‘கடற்கரை’ அகப்படாது. ‘மரம்’ எனத் தேடினால் ‘மரவேர்’ அகப்படாது. சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பும் சொல் பிரித்து அச்சிட்ட பதிப்பும் ஒரே தேடலுக்கு வெவ்வேறு விடை தரும். எனவே தமிழ் மூலநூலுள் உறுதியாகச் சென்றடையும் வழி, நூலின் கட்டமைப்பு வழியே செல்லும் வழியாகும். அவ்வழியைத் திறந்து தருவது பொருளடக்கம்.

கோப்பின் உள்ளமைப்பு

இபப் என்பது ஒற்றைக் கோப்புப் போலத் தோன்றினும், உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ‘ஜிப்’ பொதி. அதன் பெயரின் இறுதியை ஜிப் என மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பவற்றைக் காணலாம். நூலின் பகுதிகள் இணையப் பக்கங்களைப் போன்ற எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும். படங்களும் எழுத்துருக்களும் தனித்தனியே இருக்கும். இவற்றையெல்லாம் ஒருங்கிணைப்பது ஓபிஎஃப் எனப்படும் பொதிவு ஆவணம்.

பொதிவு ஆவணத்தில் மூன்று பகுதிகள் இன்றியமையாதன. நூற்பெயர், ஆசிரியர், மொழி முதலிய மேனிலைத் தரவு முதலாவது. பொதியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் அடுக்கிக் கூறும் ‘மேனிஃபெஸ்ட்’ இரண்டாவது. அக்கோப்புகளை எந்த வரிசையில் படிக்க வேண்டும் எனக் கூறும் ‘ஸ்பைன்’ மூன்றாவது. பக்கத்தைத் தள்ளும்போது அடுத்து என்ன வரும் என்பதை ஸ்பைன் தீர்மானிக்கிறது. எங்கிருந்து எங்கே தாவலாம் என்பதைப் பொருளடக்கக் கோப்பு தீர்மானிக்கிறது. ஸ்பைனில் உள்ள ஒரு பகுதி பொருளடக்கத்தில் இல்லாதிருக்கலாம். ஒரே கோப்புக்குள் நாற்பது இடங்களைப் பொருளடக்கம் சுட்டவும் செய்யலாம்.

அவ்வாறு சுட்டுவதற்கு, சென்றடைய வேண்டிய இடத்தில் ஓர் அடையாளக்குறி இருத்தல் வேண்டும். பொருளடக்கப் பதிவு என்பது ஒரு பெயர், ஒரு கோப்பின் முகவரி, அக்கோப்புக்குள் ஒரு குறி ஆகிய மூன்றின் சேர்க்கை. குறி இல்லையேல் கோப்பின் தலைப்பகுதி வரையே செல்ல முடியும். முழு நூலையும் ஒரே நீண்ட கோப்பாக்கி, பாட்டுகளுக்குக் குறியிடாது விட்ட பதிப்புக்குப் பின்னர் யார் முயன்றாலும் பொருளடக்கம் சேர்த்தல் இயலாது. முதலில் குறியிட்டாக வேண்டும். இக்குறிகளையும் கோப்புப் பெயர்களையும் உரோமன் எழுத்திலும் எண்ணிலும் அமைப்பது பாதுகாப்பானது. படிப்பவர் காணும் பெயர் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

இருவகைப் பொருளடக்கக் கோப்புகள்

2007இல் அனைத்துலக எண்ணிமப் பதிப்பு மன்றம் ஏற்ற இபப் 2 தரநிலை, பொருளடக்கத்திற்கு என்சிஎக்ஸ் என்னும் கோப்பைப் பயன்படுத்தியது. இக்கோப்பு மின்னூலுக்கென உருவானதன்று. பார்வையற்றோருக்கான பேசும் நூல்களின் ‘டெய்சி’ தரநிலையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டித் தேடுவதற்கு மாற்றாக, இயலிலிருந்து இயலுக்கும் பக்கத்திலிருந்து பக்கத்துக்கும் தாவும் வழியைத் தர அது வகுக்கப்பட்டது. கண்ணால் புரட்ட இயலாதவர்க்கு வகுத்த கருவியே பின்னர் எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பது, மின்னூற் பொருளடக்கத்தை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் நினைக்கத்தக்கது.

என்சிஎக்ஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவும் ‘நேவ்பாயிண்ட்’ எனப்படும். ஒன்றனுள் ஒன்றை அடக்கிக் கிளைகளாக விரிக்கலாம். ஆயினும் அக்கோப்பு இயந்திரம் வாசிப்பதற்கே உரியது. நூலின் பக்கமாகக் காட்ட இயலாது. ஆகவே படிப்பவர் காண ஒரு பக்கம், கருவி வாசிக்க ஒரு கோப்பு என இரண்டு பொருளடக்கங்களைத் தனித்தனியே பேண வேண்டியிருந்தது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பது எளிதாயிற்று.

2011இல் வந்த இபப் 3 இதனை மாற்றியது. பொருளடக்கம் சாதாரண எக்ஸ்எச்டிஎம்எல் ஆவணமாகவே அமைந்தது. அதற்கு ‘வழிகாட்டு ஆவணம்’ எனலாம். மேனிஃபெஸ்டில் ‘நேவ்’ என்னும் பண்பால் அது அடையாளம் காட்டப்படும். உள்ளே வரிசைப் பட்டியலும் மீயிணைப்புகளும் மட்டுமே. அந்த ஒரே ஆவணத்தைக் கருவியின் பட்டியலாகவும் பயன்படுத்தலாம். ஸ்பைனில் சேர்த்து நூலின் பக்கமாகவும் காட்டலாம். 2017இல் மேற்கண்ட மன்றம் டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்போடு இணைந்தது. 2023இல் அக்கூட்டமைப்பின் பரிந்துரையாக வந்த இபப் 3.3 தரநிலையிலும் இம்முறையே தொடர்கிறது. பழைய கருவிகளின் பொருட்டு என்சிஎக்ஸ் கோப்பையும் உடன் வைப்பதற்குத் தடையில்லை.

வழிகாட்டு ஆவணத்தில் மூன்று பட்டியல்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. பொருளடக்கம் கட்டாயம். அச்சுப் பக்கப் பட்டியலும், அட்டை, நூற்றொடக்கம் முதலியவற்றைச் சுட்டும் ‘நிலக்குறி’ப் பட்டியலும் விருப்பிற்குரியன.

தலைப்பு தலைப்பாக இருத்தல்

பெரும்பாலான மின்னூல்கள் கையால் குறியிட்டு உருவாக்கப்படுவதில்லை. சொற்செயலியில் தட்டச்சு செய்த ஆவணம் ஒரு மாற்றி வழியாக மின்னூலாகிறது. அம்மாற்றி தலைப்புகளைத் தேடிப் பொருளடக்கத்தை ஆக்குகிறது. இங்குத்தான் பெரும்பாலான இழப்பு நேர்கின்றது.

தட்டச்சு செய்பவர் ‘வாழ்த்து’ என்பதைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெருக்கி, நடுவில் நிறுத்துகிறார். மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. மாற்றிக்கோ அது தடித்த எழுத்தில் அமைந்த ஒரு பத்தி மட்டுமே. சொற்செயலியின் ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்னும் பாணிகளை இட்டிருந்தால்தான் அது கட்டமைப்பாகப் பதிவாகும்.

பாணியை முறையாக இட்ட பின்னும் தமிழ் நூலுக்கு ஓர் இடர் உண்டு. பரவலாகப் பயன்படும் காலிபர் என்னும் கட்டற்ற மென்பொருளில், அத்தியாயங்களைக் கண்டறியும் இயல்புநிலை விதி, முதல் இரண்டு நிலைத் தலைப்புகளுள் சாப்டர், புக், செக்‌ஷன், பார்ட் போன்ற ஆங்கிலச் சொற்கள் உள்ளனவா என நோக்குகிறது. ‘அதிகாரம்’, ‘காதை’, ‘படலம்’, ‘பத்து’ ஆகியவற்றை அவ்விதி அறியாது. போதிய அத்தியாயங்கள் கிடைக்காதபோது, நூலுக்குள் காணும் மீயிணைப்புகளைத் திரட்டி அவற்றையே பொருளடக்கமாக ஆக்க முயலும். அடிக்குறிப்பு எண்கள் பொருளடக்கத்தில் வரிசையாக நிற்கும் விந்தைக்கு இதுவே ஒரு காரணம். தீர்வு எளிது. பொருளடக்கத்தின் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எனத் தரப்பட்டுள்ள இடங்களில் உரிய தலைப்புக் குறிகளை வெளிப்படையாகக் கூறிவிட்டால், மாற்றி சொல்லை நோக்காது குறியை மட்டும் நோக்கும். இயல்புநிலையை மாற்றாது பொத்தானை அழுத்துவது ஆங்கில நூலுக்கு இயையலாம். தமிழ் நூலுக்கு இயையாது.

மர அமைப்பும் தமிழ் நூல்களும்

பொருளடக்கம் ஒரு மரம். ஒவ்வொரு கிளையும் ஒரு தாய்க்கிளைக்கே உரியது. இவ்வமைப்புக்கு மிக இயைந்த சங்க நூல் ஐங்குறுநூறு. திணைக்கு நூறாக ஐந்து நூறுகள், நூறுக்குப் பத்தாகப் பெயரிடப்பட்ட பத்துகள், பத்துக்குப் பத்தாகப் பாட்டுகள். மூன்று நிலைகளில் நூல் முழுவதும் விரிந்துவிடும். ஆயினும் 129, 130 ஆகிய இரு பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிப்பில் எண்களைக் கையால் இடாது தானியங்கு எண்ணுக்கு விட்டால் 131ஆம் பாட்டு 129 ஆகிவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு மேற்கோளும் இரண்டு எண் பிறழும். எண் என்பது பாட்டின் பெயர் போன்றது. அதை எந்திரத்தின் எண்ணிக்கையிடம் ஒப்படைத்தல் தகாது.

பதிற்றுப்பத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. பதிப்பாசிரியர் பொருளடக்கத்தில் ‘முதற் பத்து: கிடைக்கவில்லை’ எனக் காட்ட விரும்புவார்; அது முறையும்கூட. அச்சில் அதற்கு ஒரு வரி போதும். இபப் 3 விதியோ, இணைப்பு இல்லாத தலைப்பின் கீழ் உட்பட்டியல் ஒன்று இருந்தாக வேண்டும் எனக் கூறுகிறது. உட்பட்டியலும் இன்றி இணைப்பும் இன்றித் தனித்து நிற்கும் பதிவு ஏற்கப்படாது. சரிபார்ப்பு மென்பொருள் அதனைப் பிழையெனக் காட்டும். பிழையை நீக்குவதற்காக அவ்வரியை அழித்துவிடுவது எளிய வழி. ஆனால் அழித்தால் நூல் இரண்டாம் பத்தில் தொடங்குவதற்கான காரணம் மறைந்துபோகும். சரியான வழி, முதற் பத்துக்கென ஒரு குறிப்புப் பக்கம் அமைத்து, அப்பகுதி கிடைக்காமையையும் அதனைப் பற்றி அறியப்படுவனவற்றையும் அங்குக் கூறி, பொருளடக்கத்தை அதனோடு இணைப்பதாகும். இவ்விடத்தில் தொழில்நுட்ப விதி பதிப்பாசிரியரை ஒரு நல்ல குறிப்பு எழுதத் தூண்டுகிறது.

அகநானூறு மரத்துள் அடங்காத நூல். களிற்றியானை நிரை 1 முதல் 120 வரை, மணிமிடை பவளம் 121 முதல் 300 வரை, நித்திலக்கோவை 301 முதல் 400 வரை என முப்பகுதியாக நிற்கின்றது. இதன் குறுக்கே மற்றொரு பகுப்பும் ஓடுகிறது. ஒற்றைப்படை எண்ணுடைய பாட்டுகள் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை, ஆறில் முடிவன மருதம், பத்தாவதாக வருவன நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. அதாவது தொகுத்தவர்கள் பாட்டின் எண்ணையே திணைச் சுட்டியாக ஆக்கியுள்ளனர். எண்ணைக் கேட்ட அளவில் திணை விளங்கும்.

மின்னூலின் பொருளடக்கம் இவ்விரு பகுப்பையும் ஒருங்கே காட்ட இயலாது. முப்பகுதி வழி அமைத்தால் திணை சிதறும். பழந்தமிழர் மண வழக்கை ஆராய்பவர்க்கு 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் அடுத்தடுத்து வேண்டும். இரண்டும் மருதம், இரண்டும் மணச் சடங்கைக் கூறுவன. ஆனால் ஒன்று களிற்றியானை நிரையிலும் மற்றொன்று மணிமிடை பவளத்திலும் உள்ளன. மாறாகத் திணைவழி அமைத்தால், பொருளடக்கத்தின் வரிசை நூலின் படிப்பு வரிசையோடு ஒத்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மீறப்படும். திரைவாசிப்பான் கொண்டு படிப்பவர் தாம் நூலில் எங்கிருக்கிறோம் என்பதை அவ்வரிசையைக் கொண்டே உணர்கிறார். அதனைக் குலைத்தல் அவருக்கு இடராகும்.

எனவே வழிகாட்டு ஆவணத்தின் பொருளடக்கம் முப்பகுதியையும் பாட்டெண்ணையும் பின்பற்றுவதே முறை. திணைவாரிப் பட்டியல், பாடினோர் பட்டியல், முதற்குறிப்பகராதி ஆகியவை நூலின் இறுதியில் மீயிணைப்புகளோடு கூடிய தனிப் பக்கங்களாக அமையலாம். அப்பக்கங்களின் தலைப்புகள் பொருளடக்கத்தில் இடம்பெறும். இபப் 3 கூடுதல் வழிகாட்டுப் பட்டியல்களுக்கு இடமளிக்கிறது. ஆனால் படிப்புக் கருவிகள் அவற்றைக் காட்டியாக வேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை. நூலின் உடலில் இருக்கும் பக்கமோ எக்கருவியிலும் திறக்கும்.

திருக்குறளில் சிக்கல் வேறு வகையினது. முப்பால், 133 அதிகாரம், 1330 குறள் என்பதில் ஐயமில்லை. இடைப்பட்ட இயற்பகுப்பில்தான் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். பரிமேலழகர் பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றாகக் கொள்வார். பிறர் கொண்ட பகுப்பு வேறு. மின்னூலில் பாலுக்கும் அதிகாரத்துக்கும் இடையே இயல் என ஒரு நிலை இட்டவுடனே ஓர் உரைமரபு தெரிந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. அச்சில் முன்னுரை அதனை விளக்கும். மின்னூலிலோ பொருளடக்கத்தின் வழி நேரே அதிகாரத்துக்குத் தாவுபவர் முன்னுரையைக் காண்பதே இல்லை. மூலம் மட்டும் தரும் பதிப்பாயின் இயல் நிலையை விட்டுவிடுதல் நேர்மையானது. உரைப் பதிப்பாயின் ‘பரிமேலழகர் பகுப்பு’ எனப் பதிவிலேயே சுட்டலாம்.

குறள் ஒவ்வொன்றையும் பொருளடக்கத்தில் ஏற்ற வேண்டுவதில்லை. 1330 பதிவுகள் கொண்ட பட்டியல் வழிகாட்டாது. அதுவே ஒரு காடாகிவிடும். ஆயினும் ஒவ்வொரு குறளுக்கும் அடையாளக்குறி இடுதல் கட்டாயம். பதிவு இன்மை பிறகு சேர்க்கத்தக்க குறை. குறி இன்மை நூலையே திறந்து திருத்த வேண்டிய குறை.

பிடிஎஃப் நூற்குறிகள்

தமிழாய்வாளர் கையில் புழங்குவன பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளே. அவ்வடிவில் பொருளடக்கத்தின் பணியைச் செய்வது பக்கவாட்டில் விரியும் நூற்குறிப் பட்டியல். இதுவும் பக்கத்தில் அச்சான பொருளடக்கத்திலிருந்து வேறானது.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான நூல்களில் ஒரு விந்தையைக் காணலாம். பக்கத்தில் தமிழ் தெளிவாக இருக்கும். நூற்குறிப் பட்டியலில் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளும் நிற்கும். பக்கத்திற்குரிய எழுத்துரு கோப்பிலேயே பொதிந்துள்ளது. நூற்குறியையோ மென்பொருள் தன் சொந்த எழுத்துருவில் காட்டுகிறது. அங்குப் பழைய குறியேற்றம் தன் உண்மை வடிவில் வெளிப்பட்டுவிடுகிறது. பக்கத்தைத் திருத்தாவிடினும் நூற்குறிகளை மட்டும் ஒருங்குறியில் மாற்றி இடலாம்.

ஒளிவருடிய படங்களாக உள்ள பழம்பதிப்புகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் எழுத்துணரி இயக்கி மூலத்தைப் பெறுதல் உழைப்பும் பிழைதிருத்தமும் வேண்டுவது. நூற்குறி சேர்ப்பதற்கு எழுத்துணரி தேவையில்லை. எந்த இயல் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது எனத் தெரிந்தால் போதும். அதனை அச்சுப் பொருளடக்கமே கூறிவிடுகிறது. ஐந்நூறு பக்க நூலுக்கு ஓர் ஆய்வு மாணவர் ஓரிரு மணி நேரத்தில் செய்து முடிக்கத்தக்க பணி இது. எண்ணிம நூலகங்கள் படங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதில் காட்டினால், ஏற்கெனவே உள்ள நூல்களே பன்மடங்கு பயன்படும். படவடிவ நூலைத் திரைவாசிப்பான் வாசிக்காது என்பது உண்மையே. நூற்குறியின் பெயரை அது வாசிக்கும். உதவியாளர் ஒருவர் எந்தப் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் எனப் பார்வையற்ற ஆய்வாளர் தாமே தேர்ந்து கூற அது உதவும். அச்சு நூல்களைப் படிக்க இயலாதோருக்கான மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பக்கப் பட்டியலும் மேற்கோளும்

எழுத்தின் அளவை மாற்றினால் மின்னூலின் பக்கங்களும் மாறும். ஆகவே கருவி காட்டும் பக்க எண்ணை ஆய்வேட்டில் மேற்கோளாகத் தருவதில் பொருளில்லை. செய்யுள் நூல்களில் பாட்டெண்ணும் அடியெண்ணும் கொண்டு இதனைக் கடக்கலாம். உரைப்பகுதி, முன்னுரை, ஆராய்ச்சி நூல் ஆகியவற்றுக்கு அது கைகொடுக்காது. சிலப்பதிகாரத்து அடியார்க்குநல்லார் உரையில் ஒரு தொடரைச் சுட்ட, அச்சுப் பதிப்பின் பக்கமே இன்றும் அளவுகோல்.

இபப் 3 இதற்கெனவே பக்கப் பட்டியலை வைத்துள்ளது. அச்சுப் பதிப்பில் ஒரு பக்கம் எங்கு முடிந்து மற்றொன்று எங்குத் தொடங்கியதோ, அவ்விடத்தில் மூலத்துள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறி இடப்படும். வழிகாட்டு ஆவணத்தின் பக்கப் பட்டியல் அக்குறிகளைச் சுட்டும். பதிவின் பெயர் வெறும் எழுத்துத் தொடராதலால், முன்னுரைப் பக்கங்களின் உரோமன் எண்ணையோ பழம்பதிப்புகளின் தமிழ் எண்ணையோ உள்ளவாறே இடலாம். படிப்பவர் ‘பக்கம் 214’ எனக் கேட்டால் கருவி அச்சுப் பதிப்பின் 214ஆம் பக்கத்தின் தொடக்கத்திற்குச் செல்லும். அச்சு நூலை வைத்திருக்கும் நெறியாளரும் மின்னூலை வைத்திருக்கும் மாணவரும் ஒரே பக்கத்தைப் பேச இயலும்.

இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. பக்கங்கள் எந்த அச்சுப் பதிப்பினவை என்பதை மேனிலைத் தரவில் அறிவித்தல் வேண்டும். ஒரே நூலுக்கு ஐயர் பதிப்பு, கழகப் பதிப்பு, பிற்கால மறுஅச்சு எனப் பலவும் வழங்கும் தமிழில் இவ்வறிவிப்பு இல்லாத பக்க எண் எதனையும் சுட்டுவதில்லை. மறுஅச்சுகளுள் பக்க அமைப்பு மாறியிருப்பின், பதிப்பாண்டையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். மூலபாடத்தை எப்பதிப்பிலிருந்து எடுத்தோம் எனக் கூறாமல் வெளிவரும் மின்னூல்களுக்குப் பக்கப் பட்டியல் அமைக்க வழியே இல்லை. அவற்றில் பக்கப் பட்டியலை அமைக்கப் புகுபவர், முதலில் அம்மூலத்தை அச்சுப் பதிப்புகளோடு வரிவரியாக ஒப்பிட்டு, அது எதன் படி என்பதைக் கண்டறிய வேண்டும்.